ஞாயிற்றுக்கிழமை ஷட்டர்

மாமல்லபுரத்தில் கல் சிலைக் கடை வைத்திருப்பவனுக்கு வருமானமே ஞாயிற்றுக்கிழமைதான். சென்னைக் கார்களும் வேன்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொண்டு வருவது அன்றைக்குத்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடைக்கு வந்துபோகும் எனக்கு, சபையா கடையா என்ற கேள்வி வாரம் தவறாமல் வரும். நாள் முழுக்க மூடிவிடுங்கள் என்று உபதேசம் பண்ண எனக்கு வாயில்லை. என்னிடம் வேலை செய்பவர்கள் வீட்டிலும் அந்த வியாபாரத்தில்தான் அடுப்பு எரிகிறது. காலை ஆராதனை முடிந்து, திருவிருந்து இருந்தால் அதுவும் முடிந்து, பிறகுதான் ஷட்டரைத் தூக்குவது என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் நல்ல பார்ட்டிகள் சிலர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள். போகட்டும். உபவாசக் கூட்டங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் என் விசுவாசம் வளர்ந்தது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறை முடிவுகளில்தான்.

வியாபாரத்தில் முதல் சோதனை பொய். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; தலைமுறைகளாக உளி பிடித்த கைகள் சம்பாதித்த பெயர் அது. தெருவிலோ மாக்கல் பொம்மையும் உண்டு, கட்டரில் அறுத்து மெஷினில் தேய்த்ததும் உண்டு, வெளியூரிலிருந்து மொத்தமாக வந்து இறங்கியதும் உண்டு. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. "முழுக்கக் கைவேலையா சார்?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார். பதில் சொல்ல ஒரு நொடிதான். அதற்குள் ஜெபித்துப் பலம் கேட்டு வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு பொருளின் அடியிலும் என்ன கல், கையா மெஷினா என்று சீட்டு ஒட்டிவிட்டேன். சோதனை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்களுக்கு என் யோசனை: வாயைத் திறக்கும் அவசியமே வராதபடி காலையிலேயே சீட்டை ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி சபைக்குள்ளிருந்தே வரும். "பிள்ளையார் சிலை விக்கிறீங்களே தம்பி, அது சரியா?" இதில் எங்கள் ஆட்களிடமே இரண்டு கருத்து உண்டு. கொரிந்து சபையிலும் இப்படி ஒரு வழக்கு இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கேட்டவர்களுக்குப் பவுல், உன் அறிவைவிட உன் சகோதரனின் மனசாட்சி முக்கியம் என்கிற மாதிரி பதில் எழுதினார். நான் விற்கிறேன். விற்கக் கூடாது என்று நினைக்கிறவரோடு வாதாடுவதில்லை. அடுத்தவர் கும்பிடுகிறதைக் கேலி பேசுவதுமில்லை. அதில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் பூட்டப்பட்டன. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்துபோய், இனி ஊருக்கு நல்ல காலம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் ஒரு வண்டி வரவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது அப்போது சுலபமாக இருக்கவில்லை. அம்மா மட்டும், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசிக் காணிக்கையை நிறுத்தவில்லை. சபை பூட்டியிருந்ததால் பானை நிரம்பியதும் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனது. "நமக்கே இல்லையேம்மா" என்றேன். "ஒரு பிடிதானேடா" என்று முடித்துவிட்டார். எங்களுக்கான உதவி நான் எதிர்பார்க்காத வாசல் வழியாக வந்தது. பழக்கமான ஸ்தபதி ஒருவர் கூப்பிட்டு, "அண்ணே, கோயில் திருப்பணித் தூண் வேலை இருக்கு, உங்க ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். அந்தக் கூலியில் என் வீடும் என் ஆட்களின் வீடும் ஓடின. தேவன் எந்தக் கையால் கொடுப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பதை அன்றோடு விட்டேன்.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. லேடி வில்லிங்டன் பெயரில் அங்கே இருந்த தொழுநோய் மருத்துவமனை, ஸ்காட்லாந்து மிஷனரிகள் உழைத்த இடம். 1955-இல் மத்திய அரசு அதை எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியது. அங்கே தலைமை மருத்துவராயிருந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்க 1947-இல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அறுவை மருத்துவர். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் அவருக்கே வலித்துவிட்டது. பயனற்றது என்று எல்லாரும் விட்டுவிட்ட கையில் இவ்வளவு பலமா என்று யோசித்தவர், வேலூரில் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். விரல்களை நோய் நேரடியாகத் தின்பதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களே அழிக்கின்றன என்பதும் அவர் ஆராய்ந்து காட்டியதுதான். ஆகவேதான் உணர்ச்சி இழந்தவர்களிடம் தினமும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்த்துவிடச் சொல்கிறார்கள்: முள் ஏதும் குத்தியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று.

கடைக்காரன் மனசும் அப்படி மரத்துப்போகிறதுதான். ராத்திரி திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய நாளைப் புரட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். யாரிடம் எரிந்து விழுந்தேன், பேரம் பேசியவரை அற்பமாகப் பார்த்தேனா, எடை, விலை, வாக்கு எதிலாவது முள் இருக்கிறதா. நீண்ட ஜெபம் எனக்கு வராது, இது வருகிறது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

இடையில் ஒன்று. விசுவாசம் என்று சொல்லிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மிஷன் மருத்துவரான அந்தக் காக்ரேன்தான் 1940-களில் டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். ஜெபமும் மருந்தும் அவரிடம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாகக் கூலி. எங்கள் தொழிலில் சனிக்கிழமைதான் பட்டுவாடா. சரக்கு விற்கவில்லை, பார்ட்டி பணம் தரவில்லை, திங்கள்கிழமை வா என்று சொல்ல ஆயிரம் காரணம் கிடைக்கும். கூலிக்காரனின் பணத்தைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது மோசேயின் நியாயப்பிரமாணம்; அறுப்புக்காரரின் கூலியைப் பிடித்துவைத்தவர்களை யாக்கோபு தன் நிருபத்தில் வெளுத்து வாங்குகிறார். இதை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாவுக்கோ, சுவர் பூசிய கொத்தனாருக்கோ பாக்கி இருந்தால், இந்த ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போங்கள். காணிக்கைத் தட்டில் அதற்குப் பிறகு போடலாம்.