பல்கலைக்கழகமும் தோட்டத்து வகுப்பறையும்

ஒரு நாட் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் வழங்கினால் வகுப்பறை திருந்திவிடும் என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதுவதற்கில்லை. 1896 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஜோன் டூயி ஒரு பள்ளியையே நிறுவினார். கற்பித்தற் கொள்கையைச் சிறுவரிடையே சோதித்தறிவதே அவர் நோக்கம். சமையலும் நெசவும் அங்கே விஞ்ஞானத்துக்கு வாயில்களாயின.

ஊவாவிலும் அதற்கு இடமுண்டு. இலவசக் கல்வி 1945 இல் வந்தும், தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் பொறுப்பாகத் தொடங்கின. அந்தப் பின்னடைவை ஈடுசெய்ய அண்மையிலேயே துணையுண்டு. பதுளையில் 2005 இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமே ஒரு பட்டப்படிப்பு. பூனாகலைப் பிள்ளையோ கொழுந்தோடு வளர்கிறது. வாடிய கொழுந்தை அரைக்கும்போது சாறு காற்றுப்பட்டுச் செம்புநிறமாவது ஒட்சியேற்றமன்றோ? துருப்பிடித்த ஆணியொன்றே உதாரணமாக வேண்டுமா?

மண்ணியற் பாடம் இதனினும் அவசரமானது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. தப்பியோர் அயற்பாடசாலைகளிலே தஞ்சம் புகுந்தனர். நிலத்திற் புதுவெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று: இவற்றின் பொருளை அறிந்த பிள்ளை வீட்டாரை எச்சரிக்கும்.

இத்தகைய பாடத்தை விரிவுரையாளர் தனியே ஆக்கலாகாது. அவர் ஆங்கிலத்திற் கற்பிப்பதைத் தோட்டத்துத் தமிழிற் சொல்ல வல்லவர் ஆசிரியரே. விரிவுரையாளர் மூன்று தவணையேனும் பின்வாங்கில் அமர்ந்து பார்க்கட்டும். பிள்ளைகள் விழித்த இடத்தை மாலையில் இருவரும் கூடித் திருத்தட்டும். நம் பழைய மாணவருள் விரிவுரையாளர் பலர் உளர்; பூனாகலைக்குப் பேருந்தும் உண்டு.