முதலில் ஸ்கேல், பிறகு ஸ்கேனர்

அன்புள்ள தம்பிக்கு,

கச்சிராயபாளையம் வீட்டுப் பரணில் கிடைத்த பிஸ்கட் டப்பாவை அப்படியே ஸ்கேன் கடைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்ச நாள் பொறு. கல்வராயன் மலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்த உன் தாத்தா எடுத்தவையும், சிங்கப்பூரிலிருந்து வந்தபோதெல்லாம் அவர் தம்பி எடுத்தவையும் அந்த டப்பாவில் கலந்து கிடக்கின்றன. நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது: சில ஸ்லைடுகளின் ஜன்னல் நீள்சதுரம், சிலவற்றில் முழுச் சதுரம், இரண்டு மூன்று மட்டும் மிகச் சிறிது. கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நீ பார்க்கவேண்டும்.

ஏன் என்றால், பழைய ஸ்லைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளி அட்டையின் அளவு ஒன்றுதான்: 50 மி.மீ.க்கு 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலச் சதுரம். எல்லாம் ஒரே புரொஜெக்டரில் ஓடட்டும் என்று கம்பெனிகள் செய்த ஏற்பாடு அது. உள்ளே இருக்கும் பிலிம் நாலைந்து வகை. கடைகளில் உள்ள ஸ்லைடு ஸ்கேனர்கள் 24-க்கு 36 மி.மீ. படத்துக்கென்றே செய்யப்பட்டவை. 26.5 மி.மீ. சதுரப் படத்தை அதில் போட்டால் அட்டை கச்சிதமாக உட்காரும், ஸ்கேனும் ஆகும், ஆனால் மேலும் கீழும் ஒரு கீற்று போய்விடும். குரூப் படமாக இருந்தால், பின்வரிசையில் நிற்பவர்களின் நெற்றி அந்தக் கீற்றில்தான் இருக்கும். 38 மி.மீ. சதுரப் படமாக இருந்துவிட்டால் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை, போனது யாருக்கும் தெரியாது.

ஆகவே மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொள். பிலிமைத் தொடாமல், அட்டையின் ஜன்னலை மட்டும் அள.

24-க்கு 36 என்றால் சாதாரண 35 மி.மீ. பிலிம், அதில் குழப்பம் இல்லை. அதில் பாதியாக, 18-க்கு 24 என்று வந்தால் ஹாஃப் பிரேம். 1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் கேமராவால் பரவியது இந்த வகை. 36 படம் எடுக்கும் ரோலில் 72 எடுக்கலாம் என்பதால், பிலிம் விலை உறைத்த வீடுகளில் அதற்கு மவுசு. முழுச் சதுரமாக 26 அல்லது 27 மி.மீ. வந்தால் அது 126. கோடாக் 1963-ல் கொண்டுவந்த இன்ஸ்டமேட்டிக் கேமராவின் பிலிம் இது. ஒரு கேட்ரிட்ஜுக்குள் அடைத்து வந்ததால், போடத் தெரியாதவரும் போட்டுவிடலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் இருக்கக்கூடிய கேமரா அது. சதுரம் 38 மி.மீ. அளவுக்கு, அட்டையின் ஓரத்தைத் தொடுவதுபோல் பெரிதாக இருந்தால், 46 மி.மீ. அகலமுள்ள 127 பிலிமில் எடுத்த 'சூப்பர் ஸ்லைடு'. யாஷிகா 44, பேபி ரோலிஃபிளெக்ஸ் போன்ற கேமராக்களில் 1950-களின் கடைசியில் கொடிகட்டிப் பறந்தது.

28-க்கு 40 என்று ஒரு விசித்திரமும் உண்டு. அது 828, 1935-ல் கோடாக் பேண்டம் கேமராவோடு வந்தது. பிலிம் அகலம் அதே 35 மி.மீ.தான்; ஆனால் இரு ஓரத்திலும் வரிசையாக ஓடும் பல்துளைகள் கிடையாது, படத்துக்கு ஒரு துளை மட்டும். துளைகளுக்குப் போகும் இடத்தையும் படத்துக்கே கொடுத்ததால் படம் பெரிதானது. 126-லும் இதே கணக்குதான். எனவே அட்டைச் சட்டத்திலிருந்து கழன்றுபோன ஒற்றைப் பிலிம் கையில் கிடைத்தால், ஓரத்துத் துளைகளை எண்ணு. படத்தின் நீளத்துக்கு எட்டுத் துளை இருந்தால் 35 மி.மீ.; ஒன்றே ஒன்று, படமும் சதுரம் என்றால் 126.

நீ 'குட்டி' என்று எழுதிய ஸ்லைடுகளை அளந்தால் ஜன்னல் 13-க்கு 17 இருக்கும், வெளி அட்டை 30 மி.மீ. இருக்கும். அவை 110. அந்த வகை 1972-ல்தான் உலகத்துக்கே வந்தது. அதற்கு முன் எடுத்த படமாக அது இருக்க வழியே இல்லை.

இந்த ஆண்டுகளை உன் நோட்டில் குறித்துவை. கல்வராயன் மலைக்கு இது வெறும் கேமராப் புள்ளிவிவரம் அல்ல. ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் எடுத்த ஒரு படம் ஜாகிர் காலத்தைச் சேர்ந்ததா, பிந்தியதா என்பது சரித்திரக் கேள்வி. பிலிம் வகை 'இந்த ஆண்டுக்கு முன்னால் இல்லை' என்று ஒரு எல்லையைத் தரும். கோடாக் அட்டைகள் பலவற்றில் மாதமும் ஆண்டும் அச்சாகியோ அழுத்தப்பட்டோ இருக்கும். அது பிலிம் கழுவிய தேதி. எடுத்தது அதற்கு முன்னால். முடியாத ரோல் கேமராவுக்குள்ளேயே ஒரு வருஷம் கிடப்பதும் அந்தக் காலத்தில் சகஜம். இரண்டு எல்லைக்கும் நடுவில் படம் சிக்கிக்கொள்ளும்.

மீதியைப் படமே சொல்லும். பஸ்ஸில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்றிருந்தால் 1975-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது. அட்டையில் 'தென்னாற்காடு' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1993-க்கு முந்திய கை. அந்த ஆண்டுதான் தென்னாற்காடு மாவட்டம் விழுப்புரமாகவும் கடலூராகவும் பிரிந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். வழிகாட்டிப் பலகையில் 'வெள்ளிமலை' என்பதன் 'லை' துதிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால், அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகையாக இருக்கலாம். ஆனால் பலகை பழையதாகவும் படம் புதியதாகவும் இருக்க இடமுண்டு. கோமுகி அணை 1960-களில் கட்டியது. மலையடிவாரத்தில் அணை இல்லாத கோமுகி ஆறு ஏதாவது ஒரு ஸ்லைடில் தென்பட்டால், அதைத் தனியாக எடுத்து வை.

தமிழ்நாட்டு வீடுகளில் கலர் ஸ்லைடு அபூர்வம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் விற்ற ரோல்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வதோதராவில் தயாரான அக்ஃபா கிளிக் III கேமராதான் சாமானியர் கைக்கு எட்டியது. அது 120 ரோலில் 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படம் எடுக்கும். அந்த அளவில் ஸ்லைடு இருந்தால் அட்டை 70 மி.மீ. இருக்கும், சாதாரண புரொஜெக்டருக்குள் நுழையாது. கலர் ஸ்லைடு பிலிம் வெளியிலிருந்துதான் வரவேண்டும்: கோடாக், அக்ஃபா, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ. சோவியத் அணி நாடுகளோடு ரூபாயிலேயே நடந்த வியாபாரத்தால் ஆர்வோ இங்கே மற்றவற்றைவிட எளிதாகக் கிடைத்தது.

உங்கள் வட்டாரத்தில் கண்ணாடி ஸ்லைடுகளும் கிடைக்க வாய்ப்புண்டு. திருக்கோவிலூரில் ஆஸ்பத்திரியும் பள்ளியும் நடத்திய டேனிஷ் மிஷன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தென்னாற்காட்டில் வேலை செய்தது. அவர்களுடைய தென்னிந்தியப் படங்களை இன்று டேன்மிஷன் புகைப்படச் சேகரத்தில் யாரும் பார்க்கலாம். மாஜிக் லாந்தர் எனப்பட்ட பழைய விளக்குப் பெட்டியில் காட்டிய ஸ்லைடுகள் சுமார் 8 செ.மீ. சதுரம், இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஓரத்தில் கறுப்புக் காகித நாடா ஒட்டியிருப்பார்கள். டூரிங் டாக்கீஸ் இடைவேளையில் ஜவுளிக்கடை விளம்பரம் காட்டிய கண்ணாடி ஸ்லைடுகளும் அதே குடும்பம்தான். அப்படி எதுவும் கையில் வந்தால் பிரிக்காதே. கண்ணாடி விரிந்திருந்தாலும் காகிதத்தில் சுற்றி அப்படியே வை.

இனி நிறம். கோடாக்ரோம் என்று அட்டையில் இருந்தால் நிம்மதி கொள்: 1936 முதல் 35 மி.மீ. அளவில் விற்ற அந்தப் பிலிம், இருட்டில் வைத்திருந்தால் நிறம் எளிதில் மாறாது. பளபளப்பில்லாத பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், உருவங்களின் ஓரம் புடைத்துத் தெரியும். அது கோடாக்ரோமின் அடையாளம். உலகில் கடைசியாக அதைக் கழுவிக்கொண்டிருந்த அமெரிக்க லேப், கழுவுவதற்கு ரோல் வாங்குவதை 2010 டிசம்பரில் நிறுத்தியது. கோடாக் தயாரித்த கடைசி ரோலில் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படங்களில் சில இந்தியாவில் எடுத்தவை. பழைய எக்டாக்ரோமும் ஆர்வோவும் அப்படி இல்லை. பச்சையும் நீலமும் வெளிறி, மலை முழுக்க ரோஜா நிறத்தில் நிற்கும். அது கெட்டுப்போன படம் என்று ஒதுக்கிவிடாதே. உருவம் முழுசாக இருக்கிறது, ஸ்கேனுக்குப் பிறகு நிறத்தைப் பெருமளவு மீட்கலாம்.

சட்டம் மாற்றுவதைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும்: எல்லாவற்றையும் மாற்றாதே. அட்டை உறுதியாக இருந்தால், அதில் தாத்தாவின் கையெழுத்தும் கழுவிய தேதியும் இருந்தால், அதுவே படத்தின் பாதி ஆதாரம். அட்டை பிளந்து பிலிம் நழுவினால், ஈரம் குடித்து உப்பியிருந்தால், பூஞ்சை அட்டையிலேயே படர்ந்திருந்தால், கண்ணாடிச் சட்டத்துக்குள் புழுக்கம் சிக்கிப் புள்ளி விழுந்திருந்தால் மட்டும் மாற்று.

மாற்றும் முறை இதுதான். அட்டையின் இரு பக்கத்தையும் முதலில் போனில் படமெடு. கையில் பருத்தி உறை போட்டுக்கொள். பழைய கோடாக் அட்டை இரண்டு தாள்களை ஓரத்தில் சூடுவைத்து ஒட்டியது. மெல்லிய பிளேடை ஓரத்தில் படுக்கையாக நுழைத்து, ஜன்னலை நெருங்காமல், மூன்று பக்கம் மெதுவாகப் பிரி. நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுவிட்டுப் புத்தகமாகத் திற. பிலிம் எங்கேயாவது ஒட்டியிருந்தால் இழுக்காதே. ஒட்டிய இடத்து அட்டையை வெட்டிப் பிலிமோடு விட்டுவிடு. பிலிமைக் கையில் எடுத்ததும் ஓரத்து எழுத்தைப் படித்துக் குறித்துக்கொள். கம்பெனி பெயரும் படத்தின் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அட்டை அதை இத்தனை வருஷம் மறைத்துவைத்திருந்தது. எண் தெரிந்தால் ரோலின் வரிசை தெரியும். எது முன்னால், எது பின்னால் என்று உன் டப்பாவின் பாதியை அதை வைத்தே அடுக்கிவிடலாம்.

தூசியை ப்ளோயரால் ஊது, மென்மையான பிரஷ்ஷால் தட்டு. தண்ணீர் மட்டும் கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்ற இடம் தண்ணீரில் கரையும். ஒரு துடைப்பில் முகமே வழிந்துவிடும். காடி நெடி அடிக்கும் பிலிம் இருந்தால் உடனே தனியாக எடுத்துவிடு. அசிட்டேட் சிதையத் தொடங்கியதன் வாடை அது, பக்கத்துப் பிலிமையும் பிடித்துக்கொள்ளும்.

புதுச் சட்டத்துக்குப் பிளாஸ்டிக் 'கீபி' மவுண்டுகள் நல்லவை. 24-க்கு 36 தவிர 18-க்கு 24, 126-க்கான சதுரம், சூப்பர் ஸ்லைடு, 110 எல்லாவற்றுக்கும் தனித்தனி ஜன்னலோடு அவற்றைச் செய்தார்கள். கிடைக்காத அளவுகளுக்கு அமிலமற்ற அட்டையில் நீயே வெட்டலாம்: 50 மி.மீ. சதுரத்தில் இரண்டு துண்டு, ஜன்னல் படத்தைவிட அரை மி.மீ. சிறிதாக. பிலிமை மேல் ஓரத்தில் மட்டும், படத்துக்கு வெளியே, பாலியெஸ்டர் டேப்பால் பிடி. நாலு பக்கமும் ஒட்டினால் வெயில் காலத்தில் பிலிம் விரிய இடமின்றி நெளியும். செல்லோ டேப்பும் ரப்பர் பேண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒன்றில் பசை கசியும், மற்றதில் கந்தகம் இருக்கிறது. பளபளப்பான பக்கம் உன் முகத்தைப் பார்க்க, பஸ் போர்டு எழுத்து நேராகப் படிக்க வந்தால் திசை சரி. பழைய அட்டையில் இருந்த வாசகத்தை மாற்றாமல், எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு, 2பி பென்சிலால் புதுச் சட்டத்தில் எழுது. பழைய அட்டையை அதே எண் போட்ட கவரில் வை.

அதற்குப் பிறகு ஸ்கேனர். மேல்மூடியில் விளக்குள்ள பிளாட்பெட் ஸ்கேனர் என்றால் எந்த அளவும் அடங்கும். கடைக்காரரிடம் ஓரம் முழுதும் தெரியும்படி எடுக்கச் சொல். கோடாக்ரோமுக்கும் கறுப்பு வெள்ளைக்கும் தானாகத் தூசி நீக்கும் வசதியை அணைக்கச் சொல். அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் அந்த ஏற்பாடு இந்தப் பிலிம்களில் உருவத்தையே அழுக்கென்று எடுத்துக்கொள்ளும். வீட்டிலேயே கேமராவில் எடுப்பதானால், ஸ்லைடைப் போன் திரையின் மேல் நேராக வைக்காதே, திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். நடுவில் வெள்ளை அக்ரிலிக் துண்டு வைத்து, இரண்டு விரல் உயரம் தூக்கு.

முடிந்ததும் டப்பாவைத் திரும்பப் பரணில் ஏற்றாதே. கள்ளக்குறிச்சி வெயிலில் மாடித் தளத்தை ஒட்டிய பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். உள்ளறைப் பீரோவின் கீழ்த்தட்டு போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு, அந்துருண்டை வேண்டாம். வீட்டில் பழைய ஸ்டுடியோ படங்களும் இருந்தால், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்; தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் திட்டத்தை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அங்கிருந்து நடத்தியிருக்கிறார்கள்.

ஸ்கேன் படங்களில் பள்ளிக்கூடத்துக் குரூப் படங்களை மட்டும் முதலில் பிரிண்ட் போட்டு மலைக்கு எடுத்துப் போ. தாத்தாவிடம் படித்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும். யார் எந்த வரிசையில் என்று அவர்கள் சொல்லும்போது, பிரிண்டின் மேலேயே எழுதாமல், எண் போட்ட தனித்தாளில் எழுதிக்கொள். ஊர்ப்பெயரையும் அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுது. படத்தில் இருப்பவர் ஒரு பிரதி கேட்டால், கேட்ட அன்றே கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்