வாடகை வீடா, சொந்த வீடா? – ஓர் இல்லறக் கணக்கு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன. முன்னைய இரண்டில் பிழை நேரின் மறுநாளே திருத்திக் கொள்ளலாம். உறையுளைப் பற்றிய முடிவோ இருபது ஆண்டுகள் நம்மைப் பிணிப்பது. ஆதலின் அதனைக் குறித்துச் சற்று ஆழ்ந்து எண்ணுதல் இல்லறத்தார் கடமையாகும்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி ஆகிய பகுதிகளின் ஊர்களினின்றும் கல்வியும் பணியும் நாடிச் சென்னைக்கு வந்த குடும்பங்கள் நம்முள் பல. ஊரில் முன்னோர் வீடு, சிறிது விளைநிலம். நகரில் வாடகை வீடு. "இன்னுமா வாடகை வீட்டில் இருக்கிறீர்கள்?" என்று திருமணப் பந்தலில் உறவினர் கேட்கும் வினா நெஞ்சைத் தைக்கிறது. அவ்வினாவுக்கு அஞ்சியே ஊர் நிலத்தை விற்று நகரில் வீடு வாங்க முற்படுவோரும் உளர். அச்சமும் நாணமும் கணக்கிடா. ஆகவே நாம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

1. வாடகை வீண் செலவா?

"வாடகை கொடுப்பது வீண், அப்பணத்தையே தவணையாகக் கட்டினால் வீடு நமதாகும்" என்பது யாவரும் கூறுவது. இக்கூற்றில் பாதியே உண்மை. பிறர் வீட்டைப் பயன்படுத்துவதற்கு நாம் கொடுப்பது வாடகை. பிறர் பணத்தைப் பயன்படுத்துவதற்கு நாம் கொடுப்பது வட்டி. இரண்டும் திரும்பி வாராதன. தவணையில் அசலாகக் கழியும் பகுதி மட்டுமே நமக்குச் சொத்தாகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மகன் சென்னையில் பணியில் உள்ளார். பெற்றோர் ஊரில் ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பயிரிட்டு வாழ்கின்றனர். புறநகரில் முன்பே ஒருவர் குடியிருந்த வீடு 50 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறது. அத்தகைய வீட்டின் மாத வாடகை 14,000 ரூபாய் எனக் கொள்வோம்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கிகள் கொடுத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 40 லட்சம். கைப்பணம் 10 லட்சம். இதனோடு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும், 2023 முதல் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர, 4 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் பதிவுக்கே வேண்டும். கையிலிருந்து செல்வது மொத்தம் 14 லட்சத்து 50 ஆயிரம்.

40 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை 35,989 ரூபாய். முதல் தவணையில் வட்டி மட்டும் 30,000. அசலில் கழிவது 5,989 தான். ஓராண்டு முழுவதும் கட்டிய 4 லட்சத்து 32 ஆயிரத்தில் அசலுக்குச் சென்றது ஏறத்தாழ 75 ஆயிரம். எஞ்சிய 3 லட்சத்து 57 ஆயிரமும் வட்டியே. இருபது ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை 86 லட்சத்தைக் கடக்கும்.

2. இரு தட்டுகளும் ஒப்பிடப்படுதல்

வாங்கியவர்க்கு முதலாண்டில் திரும்பாச் செலவு யாது? வட்டி 3 லட்சத்து 57 ஆயிரம். கைப்பணம் வங்கியில் இருந்திருப்பின் 6.5 விழுக்காட்டில் ஈட்டியிருக்கும் வட்டி 94 ஆயிரம். சொத்து வரி, பழுதுபார்த்தல் முதலியன 36 ஆயிரம் எனக் கொள்வோம். மொத்தம் 4 லட்சத்து 87 ஆயிரம். வாடகையில் இருப்பவர்க்கோ 1 லட்சத்து 68 ஆயிரமே. வேறுபாடு 3 லட்சத்து 19 ஆயிரம். வீட்டின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 6.4 விழுக்காடு ஏறினாலன்றி முதலாண்டில் இவ்விரு தட்டுகளும் சமனாகா. பதிவுச் செலவான 9 விழுக்காட்டையும் ஈடுசெய்ய வேண்டுமாதலின், ஓரிரு ஆண்டுகளில் மாறுதல் பெற்று வீட்டை விற்க நேர்வோர் இழப்பையே அடைவர்.

ஆனால் காலம் செல்லச் செல்லத் துலாக்கோல் மறுபுறம் சாய்கிறது. தவணையில் வட்டி குறைந்து அசல் மிகுகிறது. வாடகையோ ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினும், 10 ஆண்டுகளில் 22,800 ஆகும். 20 ஆண்டுகளில் 37,000-ஐக் கடந்து தவணையையே விஞ்சிவிடும். அப்பொழுது வாங்கியவர் கடன் தீர்ந்து நிற்பார். மற்றவர் ஓய்வு பெற்ற பின்னும் வாடகை கொடுத்துக் கொண்டிருப்பார். ஆகவே முதல் வினா "எது மலிவு?" என்பதன்று; "எத்தனை ஆண்டுகள் இங்கு இருப்போம்?" என்பதே.

3. வாடகையில் இருப்போர் கடமை

மேற்கண்ட கணக்கு வாடகைக்குச் சார்பாக நிற்பது ஒரு நிபந்தனையின் பேரில்தான். தவணைக்கும் வாடகைக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 22,000 ரூபாயை மாதந்தோறும் சேமித்தல் வேண்டும். அது கைச்செலவில் கரைந்துவிடின், வாடகையில் இருந்ததனால் ஆய பயன் இல்லை. கடன் வாங்கியவரை வங்கி சேமிக்கச் செய்கிறது. வாடகையில் இருப்பவரை அவர்தம் மனவுறுதியே சேமிக்கச் செய்தல் வேண்டும்.

வாடகைக்கு வருவோர் சட்டப் பாதுகாப்பையும் அறிதல் நன்று. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தலும், வாடகை அதிகாரியிடம் பதியப்படுதலும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது.

4. ஊர் நிலத்தை விற்கலாமா?

நம் எடுத்துக்காட்டில் கைப்பணமாகிய 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வழி யாது? "நிலத்தை விற்றுத் தருகிறேன்" என்கிறார் தந்தை. மகன் மேல் கொண்ட அன்பால் அவர் கூறும் சொல் அது. ஆயின் அந்நிலம் அவருக்கு வெறும் சொத்தன்று. ஆண்டு முழுவதற்குமான அரிசி. பிறர் கையை எதிர்பாராத முதுமை. வங்கியின் ஏட்டில் இந்த இழப்பு எழுதப்படுவதில்லை. நிலம் விற்றபின் பெற்றோர் செலவும் மகன் தலையில் ஏறும், தவணையும் ஏறும். வட்டி ஒரு விழுக்காடு உயர்ந்து 10 ஆனால் அதே கடனின் தவணை 38,601 ஆகும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக உயர்ந்ததனைக் கடனாளர் பலர் மறந்திரார்.

மாற்று வழி உண்டு. வாடகை ஆண்டுதோறும் ஏறினும், எஞ்சும் தொகையை ஐந்து ஆண்டுகள் தவறாது வங்கியில் இட்டால் வட்டி உட்பட ஏறத்தாழ 14 லட்சம் சேரும். இதற்கிடையில் வீட்டு விலையும் ஏறியிருக்கும் என்பது மெய்யே. அப்பொழுது சற்றுச் சிறிய வீட்டையோ, சற்றுத் தொலைவிலுள்ள வீட்டையோ கொள்ள நேரலாம். எனினும் தந்தையின் நிலம் தந்தையிடமே இருக்கும். அந்த ஐந்து ஆண்டுகளும் தவணை கட்டும் ஆற்றல் உண்டா என்பதற்கு ஒரு தேர்வாகவும் அமையும்.

5. வாங்க முடிவு செய்தோர்க்கு

இல்லறத்தார்க்குரிய நோன்புகளுள் பொருள்வரைதலும் ஒன்று. அதில் வரையறுக்கப்படும் பொருள்களின் வரிசை நிலம், வீடு என்றே தொடங்குகிறது. இதனை ஒட்டி, வீடு பார்க்கப் புறப்படுமுன்னரே நம் எல்லையை எழுதி வைத்தல் நலம். தவணை மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. பதிவு முடிந்த பின்னும் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருத்தல் வேண்டும்.

மூலப்பத்திரம், 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாக எழும் புதிய கட்டடமாயின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவும் வேண்டும். அடுக்குமாடியில் கட்டடம் தேயும். மனையே மதிப்பு ஏறும். ஆதலின் பிரிக்கப்படாத மனைப்பங்கு எவ்வளவு என்பதைக் கேட்டறிக. மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனை முன்னதாக அடைக்கத் தனிநபரிடம் வங்கிகள் அபராதம் பெறலாகாது. எனவே போனஸ் முதலிய தொகைகளைத் தொடக்க ஆண்டுகளிலேயே அசலில் கட்டுக.

6. குடும்பத்தார் கூடி விடை எழுதற்குரிய வினாக்கள்

(அ) இவ்வூரில் இன்னும் பத்து ஆண்டுகளேனும் இருப்போமா?

(ஆ) கைப்பணம் எவருடைய உழைப்பு? அதனைக் கொடுத்தபின் அவர்க்கு எஞ்சுவது யாது?

(இ) ஒருவர் வருவாய் ஆறு மாதம் நின்றால் தவணை நிற்குமா, நடக்குமா?

(ஈ) வாடகையில் தொடர்ந்தால் மாதம் எவ்வளவு சேமிப்போம்? சென்ற ஆண்டு உண்மையில் எவ்வளவு சேமித்தோம்?

இந்நான்கிற்கும் நேரிய விடை கிடைப்பின் வீடு வாங்குக. அது பிள்ளைகட்கும் முதுமைக்கும் அரணாகும். ஒன்றிற்கேனும் விடை தடுமாறின் வாடகை வீட்டில் மனநிறைவோடு இருந்து சேமிப்பைத் தொடர்க. அடுத்த திருமணத்தில் உறவினர் மீண்டும் கேட்பின், "கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கிறோம்" என்று கூறலாம். அதில் நாணுதற்கு ஏதுமில்லை.