சிங்கி இறாலும் முன்பணமும்

வைட்ஃபீல்டின் பெரிய உணவகங்களில் சிங்கி இறால் விலையுயர்ந்த உணவு. அவ்விலையில் எவ்வளவு மீனவரைச் சென்றடைகிறது என்பது சந்தையை மட்டுமன்று, கடனையும் பொறுத்தது. அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

குமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் முதலிய ஊர்களிலும் மன்னார் வளைகுடாவிலும் சிறு மீனவர் இத்தொழிலைச் செய்கின்றனர். பகலில் பாறையிடுக்கில் பதுங்கும் சிங்கி இரவில் இரை தேடி வெளிவரும். ஆகவே மாலையில் விரித்த வலையை விடியலில் எடுப்பர். முன்பு பனைநார்க் கூடுகள் மிகுதியாகப் பயன்பட்டன. கூட்டில் அகப்பட்ட சிறியதை உயிருடன் கடலில் விட்டுவிடலாம். வலையில் சிக்கியதற்குக் காலும் உணர்கொம்பும் ஒடிகின்றன. பாறையில் உரசி வலையும் கிழிகிறது. புதிய வலைக்குப் பணம் வேண்டும். அதற்கே வியாபாரியிடம் முன்பணம் பெறுகின்றனர்.

முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பர். ஆனால் பிடித்ததை அவரிடமே, அவர் கூறும் விலைக்கே தரவேண்டும். ஒருவர் 50,000 ரூபாய் பெற்று, ஒரு பருவத்தில் 100 கிலோ பிடித்து, கிலோவுக்குச் சந்தை விலையினும் 100 ரூபாய் குறைவாகப் பெறுவதாகக் கொள்வோம். அவர் இழப்பது 10,000 ரூபாய். அதாவது 20 விழுக்காடு. முதலோ குறையாமல் அப்படியே நிற்கிறது.

2003-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை வரையறுத்தது. பனுலிரஸ் ஹோமரஸ் வகைக்கு 200 கிராம்; பனுலிரஸ் ஆர்னேட்டஸ் வகைக்கு 500 கிராம். இவ்வறிவிக்கை ஏற்றுமதியையே கட்டுப்படுத்துகிறது. சிறியவை உள்நாட்டுச் சந்தைக்கு வருவதை அது தடுப்பதில்லை. வயிற்றடியில் இலட்சக்கணக்கில் முட்டை சுமக்கும் பெண் சிங்கியை விட்டுவிடுவது நல்லதென மீனவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பணம் கழுத்தை நெரிக்கையில், கையில் வந்ததை விட மனம் துணிவதில்லை.

2018-19 நிதிநிலை அறிக்கை கிசான் கடன் அட்டையை மீனவருக்கும் விரிவாக்கியது. நடைமுறை மூலதனத்துக்கான 2 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. தவணை தவறாதோருக்கு 3 விழுக்காடு சலுகை உண்டு. மேற்கண்ட 50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 2,000 ரூபாயாகிறது. பதிவு பெற்ற படகும் மீன்பிடி உரிமமும் உள்ளோர் தனியே விண்ணப்பிக்கலாம். படகில்லாமல் கூலிக்குச் செல்வோர்க்குக் கூட்டுப் பொறுப்புக் குழுவும் சுயஉதவிக் குழுவுமே வழி. கரையோரக் கிளைகளில் அக்குழுக்களை அமைக்கும் பணிதான் கடினமானது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறவேண்டும். நள்ளிரவில் மருத்துவமனைச் செலவுக்கு வியாபாரி தாளின்றிப் பணம் தருவார்; வங்கி தராது. அட்டை கிடைத்த பின்னரும் பலர் அவரை விட்டு விலகாததற்கு இதுவே காரணமெனக் கருதுகிறோம். ஆகவே அட்டையுடன் சிறு சேமிப்புக் கணக்கொன்றையும் தொடங்கி, பிடிப்பு மிகுந்த மாதங்களில் அதில் பணம் சேர்த்து வருமாறு மீனவக் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கிறோம்.