சிறுபோக மழையை அறிந்து பயிர் செய்தல்



ஓப்பநாயக்கப் பகுதியிற் சிறுபோகம் இருவேறு மழைகளை நம்பி நடைபெறுகின்றது. மார்ச், ஏப்பிரல் மாதங்களிற் பெய்வது இடைப்பருவ மழை. மே மாதப் பிற்பாதியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிப்பது தென்மேற்குப் பருவமழை. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தவரே விதைப்பு நாளையும் உரமிடும் நாளையும் தக்கவாறு தெரிந்துகொள்ள இயலும்.

இரு மழைகளின் இயல்பு

இடைப்பருவ மழை நாளிற் காலை வானம் தெளிந்திருக்கும். வெயிலேறி நிலம் சூடாகியபின் முகில் திரண்டு, பிற்பகலில் இடி மின்னலுடன் மழை கொட்டும். ஒரு வயலில் வெள்ளம் ஓட, அடுத்த வயல் காய்ந்து கிடத்தலும் உண்டு. தென்மேற்குப் பருவமழையோ கடற்காற்றுடன் வருவது. அது இரவு பகலாகப் பல நாட்கள் தொடர்ந்து பெய்யும். முதல் மழை நிலத்தைப் பண்படுத்த உதவும். இரண்டாவது, வடிகால் இல்லாத நிலத்தைக் கெடுக்கும்.

மே மாதத்தின் எச்சரிக்கை

2003ஆம் ஆண்டு மே 17ஆம் திகதியை அடுத்து இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பலரின் உயிரைக் கொண்டன. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலைச்சரிவு பெயர்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். 2017 மே மாத இறுதியிலும் களுகங்கைப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இம்மூன்றும் மே மாதப் பிற்பாதியில் நிகழ்ந்தவை என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள். ஆகவே வடிகால் வேலைகள் யாவும் மே மாத நடுப்பகுதிக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும்.

மழையை அளத்தல்

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே அமைந்தது நமது பகுதி. இரத்தினபுரியிலிருந்து கிழக்கே செல்லச் செல்லத் தென்மேற்கு மழை குறையும். எனவே இரத்தினபுரிக்கான மழைக் கணக்கு உங்கள் வயலுக்கு அப்படியே பொருந்தாது. நேரான பக்கங்களையுடைய தகரப் பேணியொன்றை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் அதில் நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீற்றர் மழை ஏறத்தாழ 4,000 லீற்றர் நீராகும். 100 மில்லிமீற்றர் பெய்யின், ஓர் ஏக்கருக்கு 4 இலட்சம் லீற்றர் நீர் வந்து சேரும். உங்கள் வாய்க்கால் அதனைத் தாங்குமா என்று பாருங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால முன்னறிவித்தலில் “இயல்பிலும் கூடுதல்” என்பது அப்பருவத்தின் மொத்த மழையையே குறிக்கும். எந்த நாளில் மழை பெய்யும் என்பதை அது கூறாது. விதைக்கவும் உரமிடவும் அன்றாட முன்னறிவித்தலையே கேட்டறிதல் வேண்டும்.

நெற்செய்கை

1. இடைப்பருவ மழையைக் கொண்டு உழுது, வரம்புகளைக் கட்டி, வயலை மட்டப்படுத்துக.
2. பலத்த மழை அறிவிக்கப்பட்ட நாட்களில் முளை நெல்லை வீசி விதைத்தல் வேண்டாம். விதை அடித்துச் செல்லப்படும்.
3. அத்தகைய நாட்களில் யூரியாவும் இடவேண்டாம். உரம் நீரோடு வீணாகும்.
4. ஓடைக்கரைத் தாழ்நிலங்களில் நீர் மேற்பரப்பிற் செந்நிறப் படலம் காணப்பட்டு, நெல் இலை செம்பழுப்பு நிறமாகுமாயின், அது இரும்பு நஞ்சாக இருத்தல் கூடும். தேங்கிய நீரை வடித்துவிட்டு ஆலோசனை பெறுக.

மரக்கறிச் செய்கை

1. தக்காளி, மிளகாய், போஞ்சி ஆகியவற்றுக்கு உயர்ந்த பாத்திகள் அமைக்குக.
2. சரிவு நிலத்தில் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே இடுக. மேலிருந்து கீழ்நோக்கி இடப்பட்ட பாத்தியில் மேல்மண் அரித்துச் செல்லப்படும்.
3. நாற்றுமேடைக்குப் பொலித்தீன் கூரையிடுக.
4. இலைகள் நனைந்திருக்கையில் போஞ்சி பறித்தலைத் தவிர்க்குக; கையினாலும் உடையினாலும் நோய் பரவும்.

உயிர்காத்தல்

இடி கேட்டவுடன் மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டினுள் செல்லுங்கள்; தனிமரத்தின் கீழ் ஒதுங்குதல் ஆபத்தானது. லயங்களுக்கு மேலேயுள்ள சரிவில் புதிய வெடிப்பு, மரஞ்சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கல் ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் குழந்தைகள், முதியோர் முதலாக அனைவரும் அவ்விடம் விட்டு நீங்குக. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை சிவப்பு நிறத்தை அடையின், அது வெளியேறுவதற்கான கட்டளையாகும். அந்நேரத்தில் பயிரையும் பொருளையும் எண்ணித் தாமதித்தல் ஆகாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

பயிர் பற்றிய ஐயங்களுக்கு உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். அல்லது 1920 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த வாரமே வாய்க்காலைத் துப்புரவு செய்து, மழையளக்கும் பேணியை வெளியில் வையுங்கள்.