பத்து மணி வெயில்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வைட்டமின் டி 13 நானோகிராம் என்று இருக்கிறது. 20-க்குக் கீழே போனால் குறைவு என்பது பெரும்பாலான டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. "மெட்ராஸ் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற எனக்கு எப்படி மாமா இது?" என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

வெயிலில் வேகிறாய் என்று நீதான் சொல்கிறாய். உன் நாளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே! ஏழரைக்குப் பூந்தமல்லியில் கம்பெனி பஸ் ஏறுகிறாய், ஜன்னல் மூடிய ஏசி பஸ். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இறங்கி நேரே உள்ளே போய்விடுகிறாய். சாப்பாடு கேன்டீனில். வெளியே வரும்போது தெருவிளக்கு எரிகிறது. 1964-இல் தொடங்கிய பேட்டை அது. லேத்துப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது கண்ணாடி போர்த்திய கட்டடங்கள் எழுந்துவிட்டன. கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடும் வரும். உனக்கு வேண்டிய கதிர் மட்டும் வராது. அந்தப் புறஊதா-பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும்.

அந்தக் கதிர் செய்யும் வேலை இதுதான். நம் தோலில் கொலஸ்ட்ராலின் உறவுக்காரப் பொருள் ஒன்று இருக்கிறது. கதிர் பட்டதும் அது உடைந்து, உடம்புச் சூட்டிலேயே மெல்ல உருமாறி வைட்டமின் டி ஆகிறது. பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம். உன் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் இந்தக் கட்டத்தைத்தான் அளக்கிறது. அடுத்த மாற்றம் சிறுநீரகத்தில். அங்கிருந்து வெளியே வரும்போது அது முழு ஹார்மோன். குடலிடம் போய், சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தை உள்ளே இழுக்கச் சொல்கிறது. அது போதாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். உடனே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். குழந்தைகளுக்கு இப்படி நீண்ட நாள் நடந்தால் கால் வளைகிறது, அதுதான் ரிக்கெட்ஸ். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலிக்கிறது, தொடைத் தசை சோர்கிறது. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புறஊதா ஒளியில் காட்டியே குணமாக்கினார். அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான், 1922-இல், மெக்காலம் என்ற அமெரிக்கர் மீன் எண்ணெயில் இருந்த பொருளுக்கு 'டி' என்று பெயர் வைத்தார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் தேடியவர்கள் நமக்குப் பக்கத்திலேயே, திருப்பதியில் இருந்தார்கள். ஆவடியில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம், வெயிலும் நம் ஊர் வெயில்தான். அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கழகத்தில் டாக்டர் ஹரிநாராயணும் அவர் குழுவும் ஊர்க்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். நகரத்துப் பெண்களில் 75 விழுக்காட்டினருக்குக் குறைவு. கிராமத்துப் பெண்களிலும் 70. வயலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குமா? சேலையும் முக்காடும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் குழு அழுத்திச் சொன்னது சாப்பாட்டைப் பற்றி. கால்சியம் குறைவு, அதைக் குடலில் சேரவிடாத, தானியங்களில் இருக்கும் ஃபைட்டேட் அதிகம். கால்சியம் போதாத உடம்பு, சேர்த்து வைத்த வைட்டமின் டியையும் சீக்கிரம் தீர்த்துவிடுகிறது. அதனால் வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தட்டில் மோரும் கேழ்வரகும் கீரையும் எங்கே போயின என்றும் கேட்க வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மத்தி மீனும் முட்டையின் மஞ்சள் கருவும் கொஞ்சம் வைட்டமின் டியையே தரும்.

அதே குழு இன்னொரு வேலையும் செய்தது. தோலில் இருக்கும் அந்தப் பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துத் திருப்பதி வெயிலில் மணிக்கு மணி வைத்துப் பார்த்தார்கள். (இந்தக் குப்பிகள் புறஊதாவை விடும் வகை, உன் ஆபீஸ் கண்ணாடி மாதிரி அல்ல.) பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் மாற்றம் அதிகம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஆறு மணிக்கு நடப்பவர்கள் யாரைக் கேட்டாலும் "இளவெயில், வைட்டமின் டி கிடைக்கும்" என்பார்கள். நடை மிக நல்லது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் அந்த நேரத்தில் சூரியன் சாய்ந்து கிடப்பதால் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது, புறஊதா-பி வழியிலேயே ஓசோனில் அடங்கிவிடுகிறது. நாம் ஒதுங்கி ஓடுகிற வெயிலில்தான் அது இருக்கிறது.

கடிகாரமே வேண்டாம், நிழலைப் பார். உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வருகிறது. சித்திரையில் நம் ஊரில் ஒன்பதேகாலுக்கே நிழல் குட்டையாகிவிடும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து, நடுப்பகலில் நிழல் காலடிக்குள் போய்விடும். அந்த மாதங்களில் பத்து மணி வெயிலே போதும், உச்சி வெயிலில் போய் மயங்கி விழாதே. மார்கழியில் பத்தேகாலுக்கு மேல் இரண்டு மணிக்குள், சாப்பாட்டு இடைவேளையில் போ. லண்டனில் இருக்கும் நம் ஜனங்களுக்குக் குளிர்கால மாதங்களில் இந்தக் கதிரே கிடைக்காது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லாரும் மாத்திரை சாப்பிட யோசிக்கும்படி அந்த ஊர் அரசாங்கமே சொல்கிறது. உனக்கு வாரத்தில் நாலைந்து நாள், முகமும் முழங்கை வரை கையும் படும்படி இருபது முப்பது நிமிஷம் நட. மாநிறத் தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். தோல் எரியும்வரை நிற்காதே.

டாக்டர் எழுதிய 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்றாக அவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும் சாப்பிடு. முடிந்ததும் நீயாக மருந்துக் கடையில் வாங்கித் தொடராதே. வெயிலில் எவ்வளவு நின்றாலும் இந்த வைட்டமின் விஷமாகாது, மிஞ்சியதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும். பாக்கெட்டுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகக் கல் என்று போகும்.

முடி கொட்டுவதும் இதனால்தானா என்று கேட்டிருந்தாய். எல்லா நோயையும் இதன் தலையில் கட்டுவது பரிசோதனை பேக்கேஜ் விற்பவர்களுக்கு வசதி. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துப் பல வருடம் நடந்த வைட்டல் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. தினமும் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. குறைவு இருப்பவர்களுக்கு எலும்பும் தசையும் தேறும், அது நிச்சயம். அதற்கு மேல் கேட்கும் வாக்குறுதிகளை நான் நம்புவதில்லை.

என் கவலை உன் அம்மாவைப் பற்றி. தரையிலிருந்து எழக் கையூன்றுகிறாள், படி ஏற முனகுகிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். வயசு என்று விட்டுவிடாதே. தொடைத் தசை சோர்வு இப்படித்தான் தெரியும். அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் வைட்டமின் டியோடு கால்சியத்தையும் பார்க்கச் சொல். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா
ஆவடி