ஓர் ஆற்றின் வழியே வன்னியைக் காட்டுதல்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் வெளிநாட்டாரிற் பெரும்பாலோர், யாழ்தேவியில் வந்தாலும் ஏ-9 வீதியில் வந்தாலும், வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட விஸ்தாரமான பிரதேசத்தைக் கடந்துபோக வேண்டிய தூரமாகவே கருதுகிறார்கள். இடையில் இறங்குகிற சிலரும் 2009இல் முடிந்த யுத்தத்தின் அடையாளங்களைத் தேடியே இறங்குகிறார்கள். அத்தகையோருடன் வழிகாட்டியாகப் பல ஆண்டுகள் கூடச் சென்று பழகிய எனக்கு, வன்னியை அந்நியருக்கு அறிமுகம் செய்விக்கக் கனகராயன் ஆற்றைப் போன்றதொரு துணை வேறில்லை என்ற அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது.

பூநகரிக் கோட்டை, ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் ஆலயம், முல்லைத்தீவுக் கடற்கரை என்று நான்கு திசையிலும் சிதறிக் கிடக்கும் ஸ்தலங்களை ஒரே பகலில் ஓட்டிக் காட்டினால், மாலையில் விருந்தினர் மனத்திலே தங்குவது வெயிலும் புழுதியுமே. கனகராயன் ஆறோ, வவுனியா மாவட்டத்தின் காடுகளிலே பிறந்து, கனகராயன்குளத்தையும் மாங்குளத்தையும் அண்டி வடக்கே ஓடி, இரணைமடுவிலே தேங்கி, வயல்களுக்கு ஊட்டியது போக எஞ்சியதைச் சுண்டிக்குளம் கடனீரேரியிலே சேர்க்கிறது. காடும் குளமும் கழனியும் பறவையும் இந்த ஒரே நீரின் பிள்ளைகள் என்பதை வருகிறவர் கண்ணால் காணும்போது, நாம் சொல்ல வேண்டியதில் பாதியை ஆறே சொல்லிவிடுகிறது.

இதை எனக்குக் கற்பித்தவர் இரணைமடுக் குளக்கட்டிலே சந்தித்த ஒரு முதிய கமக்காரர். குளத்தின் நீளம், அகலம், கொள்ளளவு என்று நான் அடுக்கிக்கொண்டிருக்க, கூட வந்த ஐரோப்பியத் தம்பதியர் மரியாதைக்காகத் தலையசைத்துக்கொண்டிருந்தனர். துருசடியில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, அவையின்ர ஊரில எந்த மாசம் மழையில்லை எண்டு ஒருக்காக் கேளும்" என்றார். கேட்டேன். மழையில்லாத மாதமென்று ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னார்கள். "அப்ப குளம் ஏன் கட்டினதெண்டு அவைக்கு எப்பிடி விளங்கும்? முதல் அதைச் சொல்லும்" என்றார் பெரியவர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு பெய்கிற மழையை நம்பிக் காலபோகம் விதைப்பதையும், அந்த நீரை மறித்து வைத்தாலன்றிச் சிறுபோகம் இல்லை என்பதையும், குளத்தில் நீர் எவ்வளவோ அதற்கேற்பவே சிறுபோகத்துக்கு ஏக்கர் பங்கிடப்படும் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அதன்பின் அந்தத் தம்பதியர் குளத்தைப் பார்த்த பார்வையே வேறு. அன்றுமுதல் யாரை அழைத்துச் சென்றாலும் அளவுகளைப் பின்னுக்குத் தள்ளி மழையிலிருந்தே தொடங்குகிறேன்.

காலக்கணக்கை மெய்யாகச் சொல்வது இத்தொழிலின் தர்மம். இரணைமடுவின் விசாலத்தைக் கண்டு மயங்கி, எந்த அரசன் கட்டினான் என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் 1902இல் தொடங்கி 1920இல் நிறைவேறிய கட்டு இது என்று உள்ளபடி சொன்னால் அதன் பெருமை குறைந்துவிடாது. பழமையைக் காண விரும்புவோரை, பாலியாற்றை மறித்துப் புராதன காலத்திலே எழுந்து, பாழ்பட்டுக் கிடந்து, 1950களிலே மீண்டும் திருத்தப்பெற்ற வவுனிக்குளத்துக்கு அழைத்துச் செல்லலாம். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைநூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் அதிகாரியையும், இலங்கையின் பழங்குளங்களை ஆராய்ந்து 1909இல் நூல் வெளியிட்ட ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளரையும் படியாமல், வன்னிச் சரித்திரத்தை அந்நியருக்குச் சொல்லப் புகுதல் தகாது.

ஆற்றை விட்டு விலகி ஓரிடத்துக்கு மட்டும் கட்டாயம் போகவேண்டுமென்றால், அது ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடு. 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிரித்தானியப் படையைத் துரத்திய வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை, அவ்வாண்டு அக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்திலே தோற்கடித்தான் என்று, வென்றவர்கள் தங்கள் வெற்றிக்காக நட்ட கல்லினாலே அறியப்பட்ட ஊர் அது. தோற்றவனுக்கே அங்கு இன்று மாலை சூட்டப்படுகிறது. இந்தக் கதையைச் சொல்லும்போது வீராவேசமான சொற்களைத் தேட வேண்டியதில்லை. இரண்டு திகதிகளையும், கல்லை நட்டவர் யார், வணங்குகிறவர் யார் என்பதையும் சொல்லிவிட்டு மௌனமாக நின்றால் போதும். ஒல்லாந்தருக்கு வன்னியர் தலைவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தியதும், அவை யாழ்ப்பாணத்திலே இந்திய வணிகருக்கு விற்கப்பட்டதும் அறிந்தவர்களுக்கு, அந்நிய ஆட்சிகள் இக்காட்டின்மீது ஏன் கண் வைத்தன என்பதும் விளங்கும்.

யுத்தத்தைப் பற்றிய கேள்வி எப்படியும் வரும். அதைத் தவிர்ப்பது நேர்மையன்று. விரித்துக் காட்சிப்பொருளாக்குவது அதனினும் பாதகம். நான் கண்டதையும், என் உறவினர் எனக்குச் சொன்னதையும் மட்டுமே சொல்கிறேன். பிள்ளையை இழந்த தாயின் வீட்டு வாசலுக்கு எவரையும் அழைத்துச் செல்வதில்லை. யுத்தம் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலுக்கு வர விரும்புகிறவர்களிடம், அது சுற்றுலாத் தலமல்ல, துக்கம் காக்கும் இடம் என்பதை முன்னதாகவே சொல்லி, புகைப்படக் கருவியை வாகனத்திலேயே வைத்துவிட்டு வரச் செய்கிறேன். கண்ணிவெடி அகற்றப்படாத நிலம் இன்னும் உள்ளதால், சிவப்புப் பலகையைக் கண்டால் மட்டுமன்றி, காணாவிடினும், ஜனங்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது என்பது முதல் நிபந்தனை.

வைகாசியில் வருகிறவர்கள் வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலைக் காணத் தவறலாகாது. கடலில் எடுத்த நீரை முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, பின் நந்திக்கடலோரத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டுசெல்லும் அந்த வைபவத்தில், உப்புநீரில் எரிகிற விளக்குக்கு விஞ்ஞான விளக்கம் கேட்போருக்கு, இங்கே வந்து நிற்கும் அடியார்களின் முகத்தைப் பாருங்கள் என்பதே என் மறுமொழி.

கடைசியாகச் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய வனமாகவும் பிரகடனம் பெற்ற அந்தக் கடனீரேரியிலே, பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்று, சேற்றைக் காலால் கிளறி, அலகைத் தலைகீழாகத் தோய்த்து வடித்து உண்பதைத் தொலைநோக்கியால் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. அவை மிக விரைவில் வெருளும் சுபாவமுடையவை. கிட்டப் போனால் முழுக்கூட்டமும் எழுந்துவிடும், எழுந்தால் அன்றைய இரை அவற்றுக்குக் கெட்டுவிடும். ஆகையால் படகில் கிட்டச் செல்லக் கேட்கிற விருந்தினருக்கு, காசு எவ்வளவு தந்தாலும், இல்லையென்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

இத்தொழிலுக்கு வர நினைக்கிற கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டு விருந்தினரை முதன்முறை அழைத்து வருவதாயின் தைப்பொங்கல் கழிந்தபின் அழைத்து வாருங்கள். அப்போது குளங்கள் நிறைந்திருக்கும், வீதிகள் காய்ந்திருக்கும், வயலில் அரிவு வெட்டு நடக்கும், பூநாரைகளும் போயிருக்க மாட்டா.